கிரகாம் கிரீன் பாவத்தைப் போற்றியவர் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இலக்கியப் பக்கத்தில் ஆங்கில நாவலாசிரியர் கிரகாம் கிரீனைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று அரைப் பக்கத்தை அவருக்காக ஒதுக்கியிருக்கிறதே என்று முதல் முறை மகிழ்ந்தேன். இரண்டாம் முறை படித்தபோது மனம் சங்கடப்பட்டது. பாவம் செய்தவனுக்குத்தான் கடவுள் கிடைப்பார் என்பதே கிரீனின் சமயம் என்று கட்டுரையாளர் முடிவு கட்டுகிறார். குடிகாரக் குருவானவர் ஒருவரையும், மனைவிக்குத் துரோகம் செய்துவிட்டுத் தற்கொலை செய்துகொள்ளும் காவல்துறை அதிகாரி ஒருவரையும் ஒரே தட்டில் வைத்து, இருவரையும் கிரீன் புனிதர்களாக்கிவிட்டார் என்றும் எழுதுகிறார். இருபத்தெட்டு ஆண்டுகள் இந்நகரத்துக் கல்லூரி ஒன்றில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவள் என்ற முறையிலும், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள் என்ற முறையிலும் இதற்குப் பதில் எழுதாமலிருக்க என்னால் முடியவில்லை. கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

கிரீன் பிறவிக் கத்தோலிக்கர் அல்லர். 1904-இல் பிறந்த அவர், நாட்டிங்காம் நகரத்து நாளிதழ் ஒன்றில் வேலை பழகிக்கொண்டிருந்தபோது, தாம் மணக்கவிருந்த பெண் எதை நம்புகிறாள் என்பதையாவது தெரிந்துகொள்ளலாமே என்றுதான் ஒரு குருவானவரிடம் மறைக்கல்வி கேட்கப் போனார். அவரோடு வாரக்கணக்கில் வாதாடி, கடவுள் இருக்கக்கூடும் என்று அறிவால் ஒப்புக்கொண்ட பிறகே 1926 பிப்ரவரியில் ஞானஸ்நானம் பெற்றார். அப்போது தோமா என்ற பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். மாபெரும் இறையியலாளரான அக்குவினா தோமாவை அவர் மனத்தில் வைக்கவில்லை. ஆண்டவருடைய காயத்தில் விரலை இட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற சந்தேகத் தோமாவின் பெயரைத்தான் ஏற்றதாகத் தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். மரபு சொல்லும் அந்தத் தோமையாரின் கல்லறைமேல் எழுந்த சாந்தோம் பேராலயத்திலிருந்து பத்து நிமிட நடையில் நான் குடியிருக்கிறேன். சந்தேகப்பட்ட சீடரையே தங்களுக்குக் காவலாக வைத்துக்கொண்டிருக்கும் இந்தப் பகுதிக் கிறிஸ்தவர்களுக்கு, ஐயமும் விசுவாசமும் ஒரே நெஞ்சில் குடியிருக்கும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. கிரீனின் நம்பிக்கை அரைகுறையானது, ஆகவே அவருடைய நாவல்களில் வரும் நம்பிக்கையும் பாசாங்கு என்று கட்டுரை சொல்வதை நான் ஏற்காததற்கு இதுவே முதல் காரணம்.

அறிவால் மட்டும் ஒப்புக்கொண்டதை மனத்தாலும் அவர் உணரத் தொடங்கியது 1938-இல் மெக்சிகோவில். அங்கே தபாஸ்கோ மாநிலத்தில் கோயில்களை இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். குருமார்கள் திருமணம் செய்துகொள்ள வேண்டும், இல்லையேல் மாநிலத்தைவிட்டு ஓட வேண்டும் என்ற நிலை. மதுவுக்கும் தடை. பக்கத்து மாநிலமான சியாபாஸில் வீடுகளுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இரகசியமாகப் பூசை வைத்தார்கள். தபாஸ்கோவில் கடைசிவரை ஒளிந்து திரிந்த ஒரு குருவானவரைப் பற்றி அங்கிருந்த மருத்துவர் ஒருவர் கிரீனிடம் சொன்னார். மருத்துவரின் ஆண் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வந்தபோது அந்தக் குருவானவர் முழுப் போதையில் இருந்தாராம். பையனுக்குப் பிரிஜிட்டா என்ற பெண் பெயரைத்தான் வைப்பேன் என்று பிடிவாதம் பிடித்தாராம். மருத்துவருக்கு அவரிடம் பெரிய மரியாதை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் இந்தச் சிறு செய்தியிலிருந்துதான் 1940-இல் 'தி பவர் அண்ட் தி குளோரி' நாவல் பிறந்தது. ஆண்டவர் கற்பித்த செபத்தின் இறுதியில் வழங்கும் 'வல்லமையும் மகிமையும்' என்ற சொற்களே அதன் தலைப்பு. போதையில் உளறிய அந்தப் பெயரைக் கிரீன் வீணாக்கவில்லை. நாவலில் வரும் குருவானவர், செய்யக்கூடாத உறவில் பெற்ற மகளுக்கு அந்தப் பெயரையே இட்டார்.

நாவலில் அந்தக் குருவானவருக்குப் பெயரே கிடையாது. அவரைத் துரத்தும் காவல்துறை லெஃப்டினன்டுக்கும் பெயர் கிடையாது. மாநிலத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே குருவானவர் குடிகாரர், பயந்தாங்கொள்ளி, ஒரு குழந்தைக்குத் தகப்பன். திருச்சபையின் கண்ணில் சாவான பாவத்தில் இருப்பவர். தம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் செய்துகொள்ள அவருக்கு இன்னொரு குருவானவர் இல்லை. அப்படியிருந்தும் ஊர் ஊராகப் போய் மற்றவர்களுடைய பாவங்களை மன்னிக்கிறார், நற்கருணை வழங்குகிறார். தான் உண்ணத் தகுதியில்லாத அப்பத்தைப் பிறருக்கு எடுத்து நீட்டும் கை அது.

இந்நாவலில் என் மாணவிகளை ஒவ்வோர் ஆண்டும் கட்டிப்போட்ட இடம் ஒன்று உண்டு. பூசை வைக்கத் திராட்சை ரசம் வேண்டும். வேறு மது ஆகாது. மதுவிலக்கு உள்ள ஊரில் அது கிடைப்பது குதிரைக்கொம்பு. கடைசியில் ஆளுநரின் ஒன்றுவிட்ட சகோதரனிடமே அதைக் கள்ளத்தனமாக வாங்குகிறார் குருவானவர். தமிழ்நாட்டில் 1971 வரை நீடித்த மதுவிலக்குக் காலத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை. ஓட்டல் அறைக் கட்டிலில் உட்கார்ந்து பணத்தை எண்ணிக் கொடுத்து, ஒரு புட்டி திராட்சை ரசமும் கொஞ்சம் பிராந்தியும் வாங்கியாயிற்று. விற்றவனுக்கும் ஒரு வாய் கொடுப்பது அந்த ஊர் மரியாதை. பிராந்தியைக் குடியுங்கள் என்று குருவானவர் நீட்டுகிறார். எனக்குத் திராட்சை ரசமே பிடிக்கும் என்கிறான் அவன். ஒரு கிளாஸ் போகிறது, இன்னொன்று போகிறது. காவல்துறைத் தலைவரும் வந்து சேர்ந்துகொள்கிறார். தாம் யார் என்று சொன்னால் உயிர் போகும். சொல்லாமல் இருப்பதால் புட்டியில் இருந்த ரசம் விரல்கடையளவாகக் குறைந்து, பிறகு அதுவும் தீர்ந்துபோகிறது. இனி எந்த ஊரிலும் பூசை இல்லை. அவர் அழுகிறார். ஏனய்யா அழுகிறாய் என்று கேட்கிறார்கள். குடித்தால் எனக்கு இப்படித்தான், உலகத்தின் நம்பிக்கையெல்லாம் வடிந்துபோவதுபோலத் தெரியும் என்கிறார் அவர். நீ கவிஞனப்பா என்று பாராட்டுகிறார்கள்.

90-களின் தொடக்கத்தில் ஒரு நாள் இந்தப் பகுதியை வகுப்பில் வாசித்து முடித்ததும், பின் வரிசையில் உட்காரும், அதிகம் பேசாத ஒரு மாணவி எழுந்து, "மேடம், அவர் அழறது குடிக்க இல்லாமப் போச்சேன்னா, பூசை வைக்க முடியாமப் போச்சேன்னா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. பாடக் குறிப்புகளில் இருந்த பதிலையே நான் சொன்னேன்: அது சடங்குக்கான கண்ணீர் என்றேன். அவள் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தாள். மறுநாள் வகுப்பு முடிந்து நான் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்றிருந்தாள். "ரெண்டும்தான் மேடம். எதுக்கு அழறோம்னு அவருக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியலை. அதான் அப்படி அழறார்" என்றாள். அவளுடைய தகப்பனார் குடித்தே இறந்தவர் என்பது எனக்குப் பல மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த ஆண்டிலிருந்து பாடக் குறிப்பில் இருந்த பதிலை நான் சொல்வதை விட்டுவிட்டேன். மனிதனுக்குள் குடிக்கு ஓர் அறையும் பக்திக்கு இன்னோர் அறையும் கட்டி நடுவில் சுவர் எழுப்பி வைக்கவில்லை என்பதை, கிரீனைப் பற்றி நான் படித்த ஆய்வு நூல்களைவிட அந்தப் பெண் எனக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்தாள்.

இப்போது கட்டுரையாளரின் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். குருவானவர் குடித்ததாலும் பாவம் செய்ததாலும் கடவுளை நெருங்கினார் என்று நாவல் எங்கே சொல்கிறது? நாவலின் பிற்பகுதியில் அவர் எல்லை தாண்டி, லுத்தரன் சபையைச் சேர்ந்த உடன்பிறப்புகள் இருவரின் வீட்டில் பத்திரமாகத் தங்குகிறார். துணிமணி கிடைக்கிறது, வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறது. உடனே பழைய ஆள் திரும்பி வந்துவிடுகிறார். ஞானஸ்நானத்துக்குக் காணிக்கை எவ்வளவு என்று ஊர்க்காரர்களோடு பேரம் பேசத் தொடங்குகிறார். பங்குத்தந்தையாய் மரியாதையோடு இருந்த காலத்தின் கம்பீரக் குரல் தொண்டையில் ஏறிக்கொள்கிறது. குடிக்கவும் தொடங்குகிறார். பாவம் புனிதமாக்கும் என்று கிரீன் நினைத்திருந்தால் இந்தப் பகுதியை எழுதியிருக்கவே மாட்டார். சிறையிலும் சேற்றிலும் அவரிடம் முளைத்த அன்பு, மெத்தையில் படுத்த மூன்றாம் நாளே வாடத் தொடங்குகிறது. பெருமைப்பட ஒன்றுமே இல்லாதபோது மட்டும் மனிதனுக்குள் ஏதோ ஒரு வாசல் திறக்கிறது. பெருமை திரும்பியதும் அது சாத்திக்கொள்கிறது. கிரீன் கண்ட மனித இயல்பு இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சிறை இரவைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நாற்றமடிக்கும் இருட்டறை, யார் முகமும் யாருக்கும் தெரியாது. ஒரு மூலையில் ஓர் ஆணும் பெண்ணும் கூடியிருக்கும் ஓசை கேட்கிறது. வீட்டில் பக்திப் புத்தகங்கள் வைத்திருந்ததற்காகச் சிறைபட்ட ஓர் அம்மாள் அருவருப்பால் கொதிக்கிறார். அவர்களை அதட்டுங்கள் என்று குருவானவரிடம் முறையிடுகிறார். தம் தலைக்கு விலை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தும், தாம் குருவானவர் என்பதை அதற்குள் அவர் எல்லாரிடமும் சொல்லிவிட்டிருந்தார். திருடர்களும் கொலைகாரர்களும் நிறைந்த அந்த அறையில் ஒருவன்கூட அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தப் பக்தியுள்ள அம்மாளிடம் மட்டும்தான் அவரால் அன்பு கொள்ள முடியவில்லை. தன் புண்ணியத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் அவரை நெருங்க வழியே தெரியவில்லை. அங்கேதான் கிரீனின் மிகப் புகழ்பெற்ற சிந்தனை வருகிறது. ஒருவருடைய கண்ணோரத்துச் சுருக்கங்களையும், வாயின் வடிவத்தையும், தலைமுடி வளர்ந்திருக்கும் விதத்தையும் உற்றுப் பார்த்துவிட்டால் அவரை வெறுக்க முடியாது. வெறுப்பு என்பது கற்பனை தவறிப்போனதன் விளைவு என்கிறார். வெறுப்பதற்கு நாம் பயன்படுத்தும் தமிழ்ச் சொற்றொடர்களை எண்ணிப் பாருங்கள்: 'அவன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்', 'முகத்தைக்கூடப் பார்க்கமாட்டேன்'. முகத்தைப் பார்த்துவிட்டால் வெறுப்பு நிற்காது என்று நம் பேச்சுமொழிக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

விடிந்ததும் வேறொன்று நடக்கிறது. தேடிக்கொண்டிருக்கும் ஆளே எதிரில் நிற்கிறான் என்று அறியாமல் லெஃப்டினன்ட் அவரை விடுவித்து, கிழவன் எப்படிப் பிழைப்பானோ என்று ஐந்து பெசோ நாணயம் ஒன்றைக் கையில் வைக்கிறார். ஒரு பூசைக்கு வாங்கும் காணிக்கைத் தொகை அது. நீங்கள் நல்லவர் என்று குருவானவர் வியப்போடு சொல்கிறார். மதத்தை வேரோடு பிடுங்கத் துடிக்கும் அந்த லெஃப்டினன்ட் குடிக்காதவர், லஞ்சம் வாங்காதவர், குழந்தைகளுக்கு நல்ல உலகம் வேண்டும் என்று உண்மையாகவே ஏங்குபவர். நாவலாசிரியர் அவரைக் கேலிச் சித்திரமாக்கவில்லை. நம்பாதவர்களிடம் நற்பண்பு இருப்பதைக் கிரீன் காண மறுத்தார் என்ற கட்டுரையாளரின் வரிக்கு இந்த ஐந்து பெசோ நாணயமே பதில்.

இதில் ஒரு நுட்பமான சமயக் கருத்தும் இருக்கிறது. குருவானவரின் தகுதியின்மை அவர் வழங்கும் ஞானஸ்நானம், நற்கருணை போன்ற அருட்சாதனத்தைக் கெடுக்காது என்பது திருச்சபையின் பழைய போதனை. கெட்ட குருவின் கையால் பெற்ற ஞானஸ்நானம் செல்லுமா என்று வட ஆப்பிரிக்காவில் பெரும் பூசல் எழுந்தபோது, செல்லும் என்று உறுதியாக வாதிட்டவர் புனித அகுஸ்தீன். எங்கள் ஊரில் இதை யாரும் புத்தகத்தில் படிக்கவில்லை. எனக்கு எட்டு வயதிருக்கும்போது, சாகக் கிடந்த பாட்டிக்கு அவஸ்தை எண்ணெய் பூச நள்ளிரவில் சாமியாரை அழைத்து வந்தார்கள். அவர் குடிப்பவர் என்பது ஊரறிந்த செய்தி. மழையில் நனைந்து, சைக்கிளைத் திண்ணையில் சாத்திவிட்டு உள்ளே வந்தவரிடம் வாடை அடித்தது. கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கே தெரிந்தது. எண்ணெய்ச் சிமிழைத் திறக்கும்போது விரல்கள் நடுங்கின. பாட்டியின் நெற்றியைத் தொட்டபோது அந்த நடுக்கம் நின்றதா, அல்லது நின்றதாக எனக்குத் தோன்றியதா என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. பாட்டி பிழைத்துக்கொண்டார். அந்தச் சாமியார் மாற்றலாகிப் போகும்வரை ஞாயிறுதோறும் அவருக்கு ஆறு கோழிமுட்டைகளைப் பாட்டி என் கையில் கொடுத்து அனுப்புவார். அவர் குடித்தது சரி என்று பாட்டி ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்காகச் செபமாலை சொன்னார், முட்டையும் அனுப்பினார். அந்த நாவலை முதன்முதலில் படித்தபோது எனக்கு மெக்சிகோ நினைவுக்கு வரவில்லை. ஈரச் சைக்கிள்தான் நினைவுக்கு வந்தது.

காவல்துறைத் துணை ஆணையர் ஸ்கோபியின் கதை முற்றிலும் வேறு. 1948-இல் வெளிவந்த 'தி ஹார்ட் ஆஃப் தி மேட்டர்' நாவலின் நாயகன் அவர். இரண்டாம் உலகப் போரின்போது கிரீன் பிரிட்டிஷ் உளவுத்துறைக்காகப் பணியாற்றிய சியரா லியோனின் ஈரப்புழுக்கம் அந்நாவல் முழுவதும் வீசுகிறது. ஸ்கோபி நேர்மையானவர், ஊரே மதிக்கும் நீதிமான். யாருடைய துன்பத்தையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. போர்த்துகீசியக் கப்பல் தலைவன் தன் மகளுக்கு எழுதிய தடைசெய்யப்பட்ட கடிதத்தைக் கைப்பற்றியவர், இரக்கப்பட்டு அதை எரித்துவிடுகிறார். மனைவி லூயிஸை மகிழ்ச்சியாக அனுப்பிவைக்க ஒரு கள்ளக் கடத்தல் வணிகனிடம் கடன் வாங்குகிறார். கப்பல் கவிழ்ந்து கரை சேர்ந்த ஹெலன் என்ற இளம் விதவையிடம் இரக்கம் கொண்டு உறவில் விழுகிறார். இருவரில் ஒருவரையும் நோகடிக்கக்கூடாது என்பதற்காகப் பொய்க்கு மேல் பொய்யாக அடுக்கி, பாவநிலையிலேயே நற்கருணை வாங்கி, பதினைந்து ஆண்டுகள் உண்மையாய் உழைத்த வேலைக்காரன் அலியையே சந்தேகித்து, அவன் கொலையுண்ணக் காரணமாகி, இறுதியில் தற்கொலை செய்துகொள்கிறார்.

தமிழில் நாம் 'ஐயோ பாவம்' என்கிறோம். செய்யும் குற்றத்துக்கும், பிறர்மேல் கொள்ளும் இரக்கத்துக்கும் ஒரே சொல். ஸ்கோபியின் கதையைத் தமிழில் கற்பிக்கும்போது இந்தச் சொல் ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும். அவருடைய ஒவ்வொரு பாவமும் ஓர் 'ஐயோ பாவ'த்தில்தான் தொடங்குகிறது. அருள் என்பது அன்பு ஈன்ற குழவி என்றார் வள்ளுவர். அந்தக் குறள் பொருளின் தேவையைச் சொல்ல வந்தது என்றாலும், அருளுக்குத் தாய் அன்பே என்ற உறவுமுறையை அது போகிற போக்கில் நிலைநாட்டிவிடுகிறது. ஸ்கோபியிடம் இருப்பதோ தாயில்லாப் பிள்ளை. மேலிருந்து கீழே பார்க்கும் பரிதாபம் அது. உன் மகிழ்ச்சிக்கு நானே பொறுப்பு, உன்னால் உன்னைத் தாங்கிக்கொள்ள முடியாது, கடவுளாலும் உன்னைத் தாங்க முடியாது என்று எண்ணும் பரிதாபம். கோயிலில் தனித்திருக்கும்போது, பாவசங்கீர்த்தனம் செய், மற்றதை என்னிடம் விடு என்று உள்ளே ஒலிக்கும் குரலுக்கு, உம்மை நான் நம்பவில்லை, என்றுமே நம்பியதில்லை என்று அவர் பதில் சொல்கிறார். ஸ்கோபியின் வீழ்ச்சி கள்ள உறவில் இல்லை, இந்த ஒரு வரியில் இருக்கிறது. பரிதாபம் ஏறக்குறைய அரக்கத்தனமான ஆணவத்தின் வடிவமாகவும் இருக்க முடியும் என்று காட்டவே ஸ்கோபியைப் படைத்ததாகக் கிரீன் பிற்காலத்தில் எழுதினார். வாசகர்கள் ஸ்கோபியை நல்லவராகவே எடுத்துக்கொண்டதில் கிரீனுக்கு வருத்தம் இருந்தது. கட்டுரையாளரும் அதே வாசகர்களின் வரிசையில் சேர்ந்துவிட்டார் என்பதே என் மனக்குறை.

ஆகவே இருவரையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. பெயரில்லாத குருவானவரிடம் காப்பாற்றிக்கொள்ள மரியாதை எதுவும் மிஞ்சவில்லை. மகள் பிரிஜிட்டாவுக்காக அவர் அழும்போதுகூட, இந்த அன்பை உலகத்துப் பிள்ளைகள் எல்லாரிடமும் அல்லவா நான் கொண்டிருக்க வேண்டும் என்றுதான் தவிக்கிறார். ஸ்கோபியிடம் எல்லா மரியாதையும் இருக்கிறது. 'நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்குத் தாயிற் சிறந்த தயாவான தத்துவனே' என்று மணிவாசகர் பாடும்போது, நாயாய்க் கிடந்தது பெருமை என்றா பாடுகிறார்? கிடந்த இடத்துக்கே தேடிவந்த தயையை அல்லவா பாடுகிறார்! சிவபுராணத்தைக் காதால் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு அந்தக் குருவானவர் அந்நியர் ஆகமாட்டார்.

கட்டுரையாளர் துணைக்கு அழைத்திருப்பது ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெலை. கிரீனின் நரகம் கத்தோலிக்கர்களுக்கு மட்டுமே அனுமதியுள்ள உயர்தர இரவு விடுதி போன்றது என்று 1948-இல் ஒரு மதிப்புரையில் அவர் எழுதியது உண்மை. ஸ்கோபியின் நாவலையும், பிங்கி என்ற பதினேழு வயதுக் கொலைகாரனைச் சுற்றி எழுதிய 'பிரைட்டன் ராக்' நாவலையும் பொறுத்தவரை அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது என்று நானும் ஒப்புக்கொள்வேன். நரகம் உண்டு என்று தெரிந்தே பாவம் செய்பவனுக்குத் தனிக் கம்பீரம் தரும் ஆசை கிரீனுக்கு அவ்வப்போது இருந்தது. ஆனால் அதே மதிப்புரையில் ஆர்வெல் குருவானவரின் நாவலை விதிவிலக்காக வைத்து, அங்கே போராட்டம் நம்பும்படியாக இருக்கிறது, குருவானவரும் லெஃப்டினன்டும் ஆளுக்கொரு வகையில் வீரர்கள் என்று பாராட்டியிருக்கிறார். பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது ஆர்வெலுக்கும் நியாயமாகாது.

திருச்சபையே அவரைக் கண்டித்தது என்று கட்டுரை சொல்வதிலும் பாதிதான் இருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் ரோமாபுரியின் கோட்பாட்டுக் கண்காணிப்பு அலுவலகம் அந்த நாவலைக் குறைகூறியதும், இலண்டன் கர்தினால் கிரிஃபின் அந்தக் கடிதத்தைக் கிரீனுக்குப் படித்துக் காட்டியதும் உண்மையே. ஆனால் 1965-இல் கிரீனைச் சந்தித்த திருத்தந்தை ஆறாம் பவுல் அதே நாவலைத் தாம் படித்திருப்பதாகச் சொல்லி, உங்கள் நூல்களில் சில பகுதிகள் சில கத்தோலிக்கர்களை எப்போதும் புண்படுத்தும், அதைப் பொருட்படுத்தாதீர்கள் என்று தேற்றி அனுப்பினார். நான் இந்நாவலைப் பாடமாக வைத்தபோது, எனக்கு நன்கு அறிமுகமான வயதான குருவானவர் ஒருவரும் எங்களைச் சந்தி சிரிக்கவைக்கும் புத்தகம் பிள்ளைகளுக்கு எதற்கம்மா என்று கடிந்துகொண்டார். படித்துவிட்டுச் சொல்லுங்கள் ஃபாதர் என்று என் பிரதியைக் கொடுத்தேன். நான்கு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். கருத்து எதுவும் சொல்லவில்லை. சிறை இரவு வரும் பக்கத்தில் ஒரு பேருந்துச் சீட்டு அடையாளமாக இருந்தது. அதை நான் எடுக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

சென்னை வாசகர்களுக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புரசைவாக்கத்தில் 1906-இல் பிறந்து, அங்கேயே லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்த ஆர்.கே. நாராயண் தம் முதல் நாவலின் கைப்பிரதியைப் பதிப்பாளர்கள் எல்லாரும் திருப்பி அனுப்பிய விரக்தியில், அதைக் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடுமாறு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்த நண்பருக்கு எழுதினார். நண்பர் அதைக் கிரீனிடம் கொடுத்தார். கிரீன் பதிப்பாளரைப் பிடித்தார். 1935-இல் 'சுவாமியும் நண்பர்களும்' வெளிவந்தது. அந்நாவலின் முதல் அத்தியாயத்திலேயே, மிஷன் பள்ளியின் வேதபாட ஆசிரியர் இந்து தெய்வங்களை இழித்துப் பேசுகிறார். எதிர்க்கேள்வி கேட்ட சிறுவனின் காதைத் திருகுகிறார். கத்தோலிக்கராகிப் பத்தாண்டுகூட ஆகாத ஒருவர் இந்தப் பக்கத்தில் முகம் சுளித்து மூடி வைக்கவில்லை. இது உலகத்துக்குப் போய்ச்சேர வேண்டும் என்று அலைந்தார். தம்மைக் கத்தோலிக்க எழுத்தாளர் என்று அழைப்பதை ஏற்காமல், கத்தோலிக்கராகவும் இருக்க நேர்ந்த எழுத்தாளர் என்றே அவர் சொல்லிக்கொண்டதன் பொருள் எனக்கு அங்கேதான் விளங்குகிறது.

முடிவாக ஒரு தகவல் பிழை. குருவானவர் பாவமன்னிப்புப் பெற்று அமைதியாக இறக்கிறார், அத்துடன் நாவல் முடிகிறது என்று கட்டுரையில் இருக்கிறது. இரண்டுமே சரியில்லை. மரணத்துக்கு முந்தைய இரவில் லெஃப்டினன்டே நேரில் போய், அரசுக்குப் பணிந்து திருமணம் செய்துகொண்ட பாதிரியார் ஹோசேயைப் பாவசங்கீர்த்தனம் கேட்க வருமாறு அழைக்கிறார். ஹோசே வர மறுத்துவிடுகிறார். யாரும் கேட்காத சங்கீர்த்தனத்தைப் பிராந்திப் புட்டியோடு தனியே சொல்லிப் பார்க்கும் குருவானவர், கடவுளிடம் வெறுங்கையோடு போகிறோமே என்ற பெரும் ஏமாற்றத்தோடுதான் விடியலில் கண்விழிக்கிறார். அவரைச் சுட்ட பிறகும் நாவலில் சில பக்கங்கள் மிச்சமிருக்கின்றன. லெஃப்டினன்டின் துப்பாக்கியை ஆசையோடு தொட்டுப் பார்த்த, வேதசாட்சிகளின் கதையைத் தாய் படிக்கும்போதெல்லாம் சலித்துக்கொண்ட சிறுவன் ஒருவன் அன்றிரவு விழித்திருக்கிறான். கதவு தட்டும் ஓசை கேட்கிறது. இரகசியமாகப் படகில் வந்திறங்கிய புதிய குருவானவர் ஒருவர் வாசலில் நிற்கிறார். அவர் தம் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பையன் கதவை அகலத் திறந்து அவர் கையை முத்தமிட்டுவிடுகிறான். கட்டுரையாளர் அந்தப் பக்கங்களையும் படித்துவிட்டு மீண்டும் ஒருமுறை தங்கள் நாளிதழில் எழுதினால், அதற்கு இடம் தருமாறு ஆசிரியரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை,
சாந்தோம், சென்னை – 4.